கோடை விடுமுறையில் எழும்பூர் மியூசியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே எங்கள் தெருவில் என்னைத் தேடி ஆள் வந்துவிடும். "இந்த வருஷமும் பசங்களை மியூசியம் கூட்டிட்டுப் போறீங்களா?" நான் அங்கே வேலை பார்ப்பவனில்லை, வழிகாட்டியும் இல்லை. ஏழெட்டு வருஷமாகக் கோடையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை அழைத்துப் போய் வருகிறேன், அவ்வளவுதான். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எழும்பூர் மியூசியமும் பாட்டி சொல்லும் "செத்த காலேஜ்" என்பதும் ஒன்றுதானா?

ஒன்றேதான். 1851-ல் இது தொடங்கியபோது நுங்கம்பாக்கத்தில் இருந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில்தான் வைத்திருந்தார்கள். 1854-ல் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு மாற்றினார்கள். இடம் மாறியும் ஜனங்கள் வாயில் "காலேஜ்" போகவில்லை. பொறுப்பாக இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர், பாடம் செய்த உயிரினங்களை மட்டும் வைத்தால் கூட்டம் வராது என்று 1855-ல் உயிருள்ள விலங்குகளையும் இங்கேயே வளர்த்தார். பிறகு விலங்குகள் சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. அது "உயிர் காலேஜ்" ஆனது, இது "செத்த காலேஜ்" ஆனது. உயிர் காலேஜ் 1985-ல் வண்டலூருக்கு இடம்பெயர்ந்தது. செத்த காலேஜ் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கொல்கத்தா மியூசியத்துக்கு அடுத்து இந்தியாவில் பழையது இதுதான்.

எந்த நாளில் போகலாம்?

வெள்ளிக்கிழமை தவிர. இதைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேசிய விடுமுறை நாட்களிலும் மூடியிருக்கும். முதல் வருஷம் பதினோரு பிள்ளைகளோடு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு ஐஸ் வாங்கிக் கொடுத்துத் திரும்பினேன். தப்பு முழுக்க என்னுடையது. இன்றைக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு நினைவிருப்பது ஐஸ்தான்.

காலை ஒன்பதரைக்குத் திறந்து மாலை ஐந்து மணிக்கு மூடுகிறார்கள். பெரியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் தனித்தனிக் கட்டணம், கேமராவுக்குத் தனிச் சீட்டு. சினிமா டிக்கெட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

கத்திரி வெயிலில் போவது சரிதானா?

சரிதான், ஆனால் நேரம் பார்த்துப் போக வேண்டும். அது ஒரே கட்டடம் என்று பலர் நினைக்கிறார்கள். பதினாறு ஏக்கருக்கு மேல் பரந்த வளாகத்தில் தனித்தனிக் கட்டடங்களாக இருக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வெயிலில் நடந்தே ஆக வேண்டும். திறக்கும் நேரத்துக்குப் போய் பன்னிரண்டு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். மதியத்துக்குமேல் கூடங்களுக்குள் காற்று அசையாது, பிள்ளைகள் வாடிப் போவார்கள். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஒரு தொப்பி, அப்புறம் காலுக்குச் செருப்பைவிட ஷூ நல்லது. எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஆட்டோ பிடித்துவிடுங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா?

முடியாது. முயற்சியும் செய்யாதீர்கள். நாற்பதுக்கு மேற்பட்ட காட்சிக்கூடங்கள் இருக்கின்றன. ஓட்டமாக ஓடினால் எல்லாக் கண்ணாடிப் பெட்டியும் ஒன்றுபோலத் தெரியும். வீட்டுக்கு வந்து "என்ன பார்த்தே?" என்று கேட்டால் "நிறைய பார்த்தேன்" என்பார்கள். எதையும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

நான் ஒரு நாளைக்கு ஒரு கூடம்தான் வைத்துக்கொள்கிறேன். அதிலும் மூன்று பொருள். ஒவ்வொன்றின் முன்னாலும் பத்து நிமிஷம். முதல் இரண்டு நிமிஷம் நெளிவார்கள், அதற்குப் பிறகு பார்க்க ஆரம்பிப்பார்கள். விடுமுறையில் நான்கு முறை போனால் பன்னிரண்டு பொருள். அது தாராளம்.

கோடைக்கென்று தனிக் கண்காட்சி ஏதாவது நடக்குமா?

நடக்கும். வளாகத்தில் நூற்றாண்டுக் கண்காட்சிக் கூடம் என்று ஒன்று இருக்கிறது. சிறப்புக் கண்காட்சிகள் பெரும்பாலும் அங்கேதான். கிடங்கில் இருக்கும் பொருட்கள் வெளிச்சத்துக்கு வருவது இப்படிப்பட்ட சமயத்தில்தான் என்பதால், அறிவிப்புப் பலகையில் ஏதாவது ஒட்டியிருந்தால் தவறவிடாதீர்கள்.

நாள் குறித்துக்கொள்ள வேண்டுமென்றால் இரண்டு: ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாள், மே 18 சர்வதேச அருங்காட்சியக நாள். மே 18 என்பது 1977-லிருந்து உலகம் முழுக்க உள்ள மியூசியங்கள் கொண்டாடும் நாள், ஒவ்வொரு வருஷமும் ஒரு கருப்பொருள் வைப்பார்கள். அந்த வாரத்தில் சொற்பொழிவு, மாணவர்களுக்கு ஓவியம், வினாடி வினா போன்றவை நடப்பது வழக்கம்.

கோடை முகாமில் பிள்ளையைச் சேர்க்க என்ன செய்ய வேண்டும்?

அறிவிப்பு வந்த அன்றே போய்விட வேண்டும். செய்தித்தாளில் உள்ளூர்ப் பக்கத்தில் சின்னதாக வரும், மியூசிய நுழைவாயிலிலும் ஒட்டுவார்கள். இடம் குறைவு, முதலில் வருபவர்களுக்கு முதலிடம். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று நினைத்தவர்கள் அடுத்த வருஷம்தான் பார்த்துக்கொண்டார்கள். வயது வரம்பு, கொண்டு வர வேண்டிய பொருட்கள் எல்லாம் அறிவிப்பிலேயே இருக்கும். பழைய சட்டை போட்டு அனுப்புங்கள். வெள்ளைச் சட்டையில் வண்ணத்தோடும் களிமண்ணோடும் உட்கார்ந்த பிள்ளையின் அம்மா முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

முகாம் என்ற பெயரில் படம் வரையச் சொல்வார்கள். அதற்கு வீட்டுப் பக்கத்து டிராயிங் கிளாஸ் போதாதா?

படம் வரைவது மட்டும் வேண்டுமென்றால் போதும். ஆனால் வீட்டுப் பக்கத்தில் பிள்ளை காலண்டரைப் பார்த்துப் பிள்ளையார் வரைவாள், இங்கே ஆயிரம் வருஷத்துச் சிலைக்கு முன்னால் உட்கார்ந்து வரையலாம். முகாமில் இடம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து நீங்களே உட்கார வையுங்கள். அக்கா பையன் ஒருமுறை ஒரு அம்மன் சிலையின் கையை மட்டும் முக்கால் மணி நேரம் வரைந்தான். மலரைப் பிடிப்பதுபோல் விரல்கள் வளைந்திருக்கும், ஆனால் மலர் இருக்காது. "பூ எங்கே மாமா?" என்றான். "கோயிலில் இருந்தப்ப தினமும் புதுப் பூ வெச்சிருப்பாங்க" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, தான் வரைந்த கையில் ஒரு பூவைச் சேர்த்துக்கொண்டான்.

வெண்கலக் கூடத்தில் குழந்தைகளுக்கு எதைக் காட்டுவது?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நீளமாகத்தான் பதில் சொல்வேன். மியூசியத்தில் ஒரே ஒரு கூடம்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள்.

திருவாலங்காட்டு நடராசரிடம் தொடங்குங்கள். பாரிசில் இருந்த ரோடின் என்ற சிற்பி, சென்னைப் பக்கமே வராமல், இந்த மியூசியத்து நடராசர்களின் புகைப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு 1913-ல் ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளைகளுக்கு அதையெல்லாம் சொல்ல வேண்டாம். "இதில் என்ன இல்லை?" என்று மட்டும் கேளுங்கள். வீட்டில் இருக்கும் நடராசர் படத்தில் சுற்றிலும் நெருப்பு வட்டம் இருக்கும், விரிந்து பறக்கும் சடை இருக்கும். இங்கே திருவாசியும் இல்லை, பறக்கும் சடையும் இல்லை. கண்டுபிடித்துவிடுவார்கள். அவை இல்லாமலே ஆட்டம் நிற்கவில்லை என்பதை அதற்குப் பிறகு அவர்களே பார்ப்பார்கள்.

அடுத்து திருவெண்காட்டு அர்த்தநாரி. "எத்தனை கை, எண்ணு." மூன்று. ஆண் பாகத்துக்கு இரண்டு, பெண் பாகத்துக்கு ஒன்று. பெரியவர்களே பலபேர் இதை எண்ணாமல் போய்விடுகிறார்கள். எண்ணிய பிறகு இடுப்பைப் பாருங்கள், ஒரு பக்கம் நேராகவும் ஒரு பக்கம் வளைந்தும் இறங்கும். இரண்டு உடம்பை ஒட்டிய மாதிரி எங்கேயும் தெரியாது.

மூன்றாவதாகக் காட்ட எந்தச் சிலையானாலும் சரி, முகத்தைப் பார்க்க வேண்டாம், பீடத்தைப் பாருங்கள். பீடத்தில் ஓட்டைகளோ வளையங்களோ இருக்கும். எதற்கு? திருவிழாவில் கம்பு செருகி, கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு போக. கருவறையில் இருக்கும் கல் மூலவர் நகர மாட்டார், இவர்கள் உற்சவர்கள், ஊர்வலம் போகச் செய்யப்பட்டவர்கள். சில சிலைகளில் மூக்கும் கன்னமும் மழுங்கியிருக்கும், நூற்றுக்கணக்கான வருஷம் அபிஷேகம் செய்து துடைத்த தேய்மானம். இதைச் சொன்னதும் ஒரு சிறுமி, "எங்க பாட்டி தேய்க்கிற குத்துவிளக்கு மாதிரி" என்றாள். அதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க முடியாது.

எப்படிச் செய்தார்கள் என்று கேட்பார்கள். தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து முதலில் முழு உருவத்தையும் மெழுகிலேயே செய்வார்கள். அதன்மேல் வண்டல் மண் பூசிக் காயவைத்து, சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே உண்டான காலியிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால் சிலை. அச்சு உடைந்துவிடுவதால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான், இரண்டாவது கிடையாது. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றைக்கும் இதே முறையில்தான் வார்க்கிறார்கள்.

இதெல்லாம் கோயில் சாமி. மியூசியத்துக்கு எப்படி வந்தது? கும்பிடலாமா?

பல சிலைகள் மண்ணுக்கு அடியிலிருந்து வந்தவை. படையெடுப்புக்கும் கொள்ளைக்கும் பயந்து கோயில்காரர்கள் புதைத்து வைத்தார்கள், புதைத்தவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு இடம் மறந்துவிட்டது. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும் வயலில் மண் வெட்டும்போதும் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. 1878-ல் வந்த புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்தப் பத்து ரூபாய் 1878-ன் பத்து ரூபாய். அப்படித் தெரிவிக்கப்பட்டவற்றில் பல இங்கே வந்து சேர்ந்தன. நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த புத்தர் வெண்கலங்களும் இங்கே இருக்கின்றன. தமிழ்நாட்டில் பௌத்தம் எவ்வளவு காலம் இருந்தது என்று நம்ப மறுப்பவர்களை அந்தப் பெட்டிக்கு முன்னால் நிறுத்துங்கள்.

கும்பிடுவதைப் பொறுத்தவரை, யாரும் தடுக்கப் போவதில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பாட்டிகளை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். கற்பூரம் ஏற்றாமல் இருந்தால் சரி. எனக்கென்னவோ அவர்கள் பார்ப்பதில் பாதியைக்கூட நாம் பார்ப்பதில்லை என்று தோன்றும்.

சிலைகளில் பச்சையாகப் பூத்திருக்கிறதே, பராமரிப்பு இல்லையா?

எல்லாப் பச்சையும் கெடுதல் இல்லை. கெட்டியாக, வழவழப்பாகப் படிந்த பச்சை உலோகத்துக்குக் கவசம் மாதிரி. வெளிர்ப்பச்சையாக மாவுபோல் உதிர்வதுதான் ஆபத்து, அதற்கு வெண்கல நோய் என்றே பெயர். மண்ணில் கிடந்தபோது ஏறிய உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை உள்ளிருந்து அரிக்கும். கடலோர ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இதற்கு வைத்தியம் பார்க்கவே 1930-ல் இந்த மியூசியத்தில் வேதியியல் கூடம் தொடங்கினார்கள். எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்பகுப்பு முறையில் உப்பைப் பிரித்தெடுத்துப் பல சிலைகளைக் காப்பாற்றினார். வேதியியல் படிக்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், பாடப்புத்தகத்து மின்பகுப்பு திடீரென்று உயிர்பெறும்.

அமராவதிச் சிற்பங்கள் பார்க்க வேண்டியவையா?

கட்டாயம். ஆந்திரத்து அமராவதி பௌத்த ஸ்தூபியின் சுண்ணாம்புக்கல் பலகைகள். பளிங்கு என்று சொல்வார்கள், பளிங்கு இல்லை. வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி 1845-ல் தோண்டியெடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். இங்கே வந்த பிறகு திறந்த வெளியில் வெயிலிலும் மழையிலும் கிடந்து கொஞ்சம் பாழாயின. 1859-ல் ஒரு பெரும் பகுதியைக் கப்பலேற்றி லண்டனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அவை இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. நம்மிடம் இருப்பதும் குறைந்ததில்லை. பலகைகளில் பொடிப்பொடியாக ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். பிள்ளைகளிடம் "யானையைக் கண்டுபிடி" என்று சொல்லிவிட்டு நீங்கள் ஓரமாக உட்காரலாம்.

திமிங்கில எலும்புக்கூடு இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. மங்களூர்க் கடற்கரையில் ஒதுங்கியது. பெரியவர்கள் "நான் சின்ன வயசுல பார்த்தப்ப இன்னும் பெருசா இருந்துச்சு" என்பார்கள். அது அப்படியேதான் இருக்கிறது, வளர்ந்தது நாம்.

வரலாற்றில் ஆர்வமுள்ள பெரிய பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது?

தொல்லியல் பகுதிக்கு அழைத்துப் போங்கள். தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியலாளர் 1899 முதல் சில ஆண்டுகள் தோண்டியெடுத்த பொருட்கள் இங்கே இருக்கின்றன. தாழிகளோடு புதைத்த வெண்கலக் கலங்கள், இரும்புக் கருவிகள், நெற்றியில் கட்டும் மெல்லிய தங்கப் பட்டங்கள். கீழடி பற்றிப் பேசும் பிள்ளைகள், அதற்கு நூறு வருஷம் முன்பே தாமிரபரணிக் கரையில் தோண்டினார்கள் என்பதைப் பார்க்கட்டும்.

அப்புறம், கோடைக்குப் பொருத்தமான ஒன்று. 1863 மே 30, நல்ல வெயில் காலம். பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். பழைய கற்கால மனிதன் செதுக்கிய கைக்கோடரி அது. இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்தது என்பதே அந்தக் கல்லிலிருந்துதான் தெரியவந்தது. அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கற்கருவிகளை 1904-ல் இந்த மியூசியம் வாங்கியது. அதே 1863-ல் அவர் கண்ட இன்னொரு இடம் திருவள்ளூர் பக்கத்து அத்திரம்பாக்கம். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே செய்த ஆய்வில், கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011-ல் தெரிந்தது. நான் ஒவ்வொரு மே கடைசியிலும் பிள்ளைகளுக்கு இந்தக் கற்களைக் காட்டிவிட்டு, வீட்டுக்குப் போகும்போது மின்சார ரயிலில் பல்லாவரம் ஸ்டேஷன் வரும்போது "இங்கேதான்" என்பேன். எல்லாரும் ஜன்னலுக்குப் பாய்வார்கள். வெளியே பிளாட்பாரமும் வடைக்கடையும்தான் தெரியும். இருந்தாலும் பாய்வார்கள்.

சாப்பாட்டுக்கு என்ன வழி?

கட்டிக்கொண்டு போங்கள். புளிசாதம், தயிர்சாதம், ஊறுகாய். கூடங்களுக்குள் சாப்பிடக் கூடாது, வெளியே மரநிழல் நிறைய. இலையையும் பாட்டிலையும் அங்கேயே போட்டுவிட்டு வராதீர்கள்.

மொபைலில் படம் எடுக்கலாமா?

அன்றைய விதியைச் சீட்டுக் கொடுக்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் மட்டும் எப்போதும் வேண்டாம். என் பிள்ளைகளுக்கு நான் வைத்த விதி வேறு: முதலில் பத்து நிமிஷம் கண்ணால், பிறகு ஒரே ஒரு படம்.

தாத்தா பாட்டியை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. ஆனால் பழைய கட்டடங்களில் படிகள் அதிகம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு தளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1909-ல் திறந்த சிவப்புக்கல் கட்டடத்தையும் 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகத்தையும் வெளியிலிருந்து பார்ப்பதே அவர்களுக்குப் போதும். அதற்குள் பழைய கதை ஆரம்பித்துவிடுவார்கள். அதையும் பிள்ளைகள் கேட்கட்டும்.

நாங்கள் சென்னையில் இல்லை. எங்களுக்கு என்ன?

மாவட்டங்களிலும் அரசு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன: மதுரை, திருச்சி, சேலம், வேலூர், திருநெல்வேலி, கோவை என்று. புதுக்கோட்டையில் இருப்பது 1910-லேயே தொடங்கியது. சின்ன மியூசியம் என்பது குறையில்லை. கூட்டம் குறைவு, காவலருக்குக்கூடக் கதை சொல்ல நேரமிருக்கும். மே 18-ஐ ஒட்டி அங்கேயும் ஏதாவது நடக்கிறதா என்று ஒரு எட்டு போய்க் கேட்டு வாருங்கள்.

அரை மணி நேரத்தில் "போர் அடிக்குது" என்று பிள்ளை சொன்னால்?

கிளம்பிவிடுங்கள். இழுத்துப் பிடித்து வைத்தால் அடுத்த முறை வர மாட்டான். வெளியே இளநீர் கிடைக்கும். குடித்துக்கொண்டே, "அந்த சாமிக்கு எத்தனை கைன்னு சொன்னே?" என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் இன்னொரு நாள் வரலாம். தப்பாகச் சொன்னால், சீட்டைக் காட்டிவிட்டு இன்னும் ஒருமுறை உள்ளே போய் எண்ணிவிட்டு வரச் சொல்லுங்கள்.